நடு ஐம்பது

டம்ளரில் முக்கால் தண்ணீர்.
கருவியின் தலையில் வைத்துவிட்டுக்
கோப்பை ஓட்டுகிறேன்.
பதினோராவது நொடியில் சிந்துகிறது.
அடியில் விரித்த அவன் பழைய லுங்கி
இன்றைக்கு மூன்றாம் முறை நனைகிறது.

பார்சலின் மேல் 'மோட்டார் உதிரி' என்று எழுதியிருந்தது.
தண்டையார்பேட்டைச் சந்தில் அலைந்து கண்டுபிடித்தவன்
கையெழுத்து வாங்கிக்கொண்டு
"தையல் மிஷினாக்கா?" என்றான்.
ஆமாம் என்றேன்.
பொய்யென்று முழுதாகச் சொல்ல முடியாது.

படத்தில் இரண்டு பேர். ஒலியை அடைத்துவிட்டேன்,
சுவருக்கு அந்தப் பக்கம் ஸ்டான்லி நர்ஸ்
நைட் டூட்டி முடித்துத் தூங்குகிறாள்.
கால் வேகத்தில் ஓட்டினால்
ஆசை எங்கேயென்று தெரிவதில்லை.
ஒரு தோள் எழுகிறது,
ஒரு கை இடம் தேடுகிறது,
யாரோ ஒருவர் சிரிப்பை அடக்குகிறார்.
நான் குறித்துக்கொண்டே போகிறேன்:
எத்தனையாவது மில்லிநொடி, எந்த இடம்.
பூஜ்யத்திலிருந்து நூறு வரை.

முதல் மாதம் மேல் கீழ் மட்டும்.
அது யாருக்கும் வந்துவிடும்,
தண்டவாளத்தில் போகிற ரயில்.
இப்போது ஆறு அச்சு:
மேல் கீழ், முன் பின், இடம் வலம்,
திருகல், பக்கச் சாய்வு, தலைகவிழ்ப்பு.
எல்லாவற்றுக்கும் நடு ஐம்பது.

மணலிப் பட்டறையில்
ஐந்தச்சு மிஷின் ஓட்டியவள் நான்,
ஆள் குறைக்கும்வரை.
இதைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம் என்று நினைத்தேன்.
நிமிடத்துக்கு இருநூறு ரூபாய்,
டிரெய்லர் டயர் தவணைக்கு ஆகும்.
இரும்பு கூசாது.
அதை மறந்துவிட்டேன்.

வாடிக்கையாளர் எழுதினார்:
எல்லாம் சரியான நேரத்தில் நடக்கிறது,
ஆனால் அங்கே யாரும் இல்லை.

அங்கே யாரும் இல்லை.
அந்த வரியை வைத்துக்கொண்டு
ஒரு கிலோ வெங்காயம் நறுக்கினேன்.
குழம்புக்குக் கால் கிலோ போதும்.

தேசிங்கு மதியம்தான் வந்தான்.
துறைமுக க்யூவில் பத்தொன்பது மணி நேரம்,
எண்ணூர் ரோட்டுத் தூசியில் புருவம் நரைத்திருந்தது.
மேசையைப் பார்த்தான், லுங்கியைப் பார்த்தான்,
"என்னாது இது?"
எதற்கென்று சொன்னேன், ஒரு சொல் மறைக்காமல்.
காது மட்டும் சிவந்தது.
கொஞ்ச நேரம் ஃபேனைப் பார்த்தான்.
"சரி ஓட்டு, பாக்கலாம்."

டம்ளரை எடுத்துவிட்டு
உள்ளங்கையை அதன் தலைமேல் வைத்தான்.
நாற்பது டன் இழுக்கிற கை.
கண்ணை மூடிக்கொண்டான்.

"தோ, இங்க.
நிக்கறதுக்கு மின்னாடி நீ காலை எடுக்கவே இல்ல.
பின்னால லோடு வருதுல்ல?
அது வந்து சேர டைம் குடு.
டபக்குனு அடிச்சா
கன்டெய்னர் உன் முதுகு மேல ஏறிக்கும்."

இன்னொரு முறை ஓட்டச் சொன்னான்.

"அப்பறம், எல்லாம் ஒண்ணா திரும்புது பாரு.
அப்டி எதுவும் திரும்பாது.
முன்வண்டி திரும்பும்.
பின்வண்டிக்கு அப்பாலதான் தெரியும்."

நானூற்றுப் பன்னிரண்டாம் வரி.
திருகலை எண்பது மில்லிநொடி பின்னுக்குத் தள்ளினேன்.
சாய்வை அதற்கும் பின்னால்.
உச்சிக்கு முன்னால் ஒரு புள்ளி,
தொண்ணூற்று மூன்றில்,
தயங்குவதைத் தவிர அதற்கு வேறு வேலை இல்லை.
கரண்ட் போய் வந்தது,
கருவி ஒருமுறை உதறி ஐம்பதுக்குத் திரும்பியது.

மறுபடி முதலிலிருந்து.
இரண்டாம் நிமிடத்தில் நிமிர்ந்து பார்த்தால்
உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டான்,
வாய் லேசாகத் திறந்து.
கை அதன்மேல்,
நான் எழுதியபடி போய் வந்துகொண்டிருந்தது.

நிறுத்த மனம் வரவில்லை.
எழுந்ததும் கேட்க வேண்டும்,
கத்திவாக்கம் பாலத்து இறக்கத்தில்
லோடோடு எந்த கியரில் வருவாய் என்று.
ஏழாம் நிமிடத்தில்
அப்படி ஒன்று இருக்கிறது.